ஆயிரம் புதல்வியரின் தாய்: மிஸ் எலைசா அக்னியூ

நமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு உடுவிலின் பழைய கதையை யாராவது எழுதவேண்டும் என்ற பேச்சு வந்தபோது, கட்டடங்களைப் பற்றி எழுதுவதா, அதிபர்களின் பட்டியலைத் தருவதா என்று யோசனைகள் பல வந்தன. கட்டடங்களைப் பற்றி முன்னைய மலர்களில் போதிய அளவு எழுதியாகிவிட்டது. ஒரேயொரு மனுஷியின் வாழ்க்கையைச் சொன்னால் பாடசாலையின் முதல் அறுபது ஆண்டுகளின் கதை முக்காற்பங்கும் அதற்குள் வந்துவிடும் என்பது என் எண்ணம். அந்த மனுஷி மிஸ் எலைசா அக்னியூ. அவருடைய பெயரைக் கேள்விப்படாத பழைய மாணவி நம்மில் இருக்கமாட்டார். ஆனால் பெயருக்கு அப்பால் அவரைப் பற்றி அறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

எலைசா அக்னியூ 1807ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்திலே பிறந்தார். எட்டு வயதில், பூமிசாத்திர வகுப்பிலே ஆசிரியை உலகப் படத்தில் ஒவ்வொரு நாடாகக் காட்டி வந்தபோது, இந்தியாவின் காலடியில் இருந்த சிறு தீவையும் காட்டினாராம். அங்கே போய்ப் படிப்பிப்பேன் என்று அன்றைக்கே அந்தச் சிறுமி மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டாள். சிறு பிள்ளைகள் இப்படி எத்தனையோ தீர்மானங்களைச் செய்வதும், அடுத்த வருடமே மறந்துவிடுவதும் வழக்கம். எலைசா மறக்கவில்லை. ஆயினும் உடனே புறப்படவும் இல்லை. பெற்றோரும் நெருங்கிய உறவினரும் உயிரோடு இருந்தவரை அவர்களைப் பராமரிக்கும் கடமை தனக்கு உண்டு என்று வீட்டோடு இருந்தார். அவர்கள் எல்லாரும் காலமான பின்னரே, முப்பது வயதைத் தாண்டிய நிலையில், அமெரிக்க மிஷன் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். அக்காலத்தில் மிஷனரிமாரின் மனைவியராகவே பெண்கள் கீழைத்தேசங்களுக்கு வந்தனர். மணமாகாத பெண்ணொருத்தியைக் கடல் கடந்து அனுப்புவது அரிதிலும் அரிது. 1839ஆம் ஆண்டு யூலை மாதம் பொஸ்ரன் துறைமுகத்திலே கப்பலேறியவர், 1840 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். சுயெஸ் கால்வாய் வெட்டப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பாய்க்கப்பலில் ஐந்து மாதங்களுக்கு மேற்பட்ட பயணம்.

அவர் வந்து சேர்ந்த உடுவில் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் நிலைகொண்டு, பின் உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று பரவினார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற கோவில்களின் இடிபாடுகளைத் திருத்தி அவற்றிலே குடியேறினார்கள். சென்ற ஊர்களிலெல்லாம் கிராமப் பள்ளிக்கூடம் வைப்பது அவர்களுடைய முதல் வேலை. பெரும்பாலும் ஓலைக் கொட்டில், ஒரு வாத்தியார், மணலிலே எழுதிப் பழகும் பிள்ளைகள். இந்தப் பள்ளிக்கூடங்களுக்கு ஆண்பிள்ளைகள் வந்தார்கள். பெண்பிள்ளைகளைக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. யாழ்ப்பாணத்திலே கோவில் நடனப் பெண்களைத் தவிர எழுத வாசிக்கத் தெரிந்த பெண்களே இருக்கவில்லை என்று மிஷன் பதிவுகள் எழுதிவைத்துள்ளன. அது கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்ட கூற்று என்றே நினைக்கிறேன். புராண படனம் நடக்கும் வீடுகளிலே காதால் கேட்டு மனனம் செய்த பெண்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஏட்டைக் கையில் எடுத்த பெண்ணைக் குடும்பத்துக்கு ஆகாதவளாகப் பார்த்த காலம் என்பதில் ஐயமில்லை. படித்தவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பதே தாய்மாரின் பெரிய பயம்.

இந்தப் பயத்தோடு முதலில் மோதியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். கனெக்ரிகட் மாநிலத்து நோர்விச் ஊரைச் சேர்ந்தவர். 1819இல் மைரன் வின்ஸ்லோ ஐயரை மணந்து, அதே ஆண்டு கப்பலேறியவர். (வின்ஸ்லோ ஐயரைத் தமிழுலகம் அவருடைய பெரிய தமிழ் அகராதிக்காக இன்றும் அறியும்.) 1824இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை இவர்கள் தொடக்கினார்கள். மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமியர், இருட்டிவிட்டதால் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டிலேயே உண்டு தங்கினார்கள் என்றும், அதிலிருந்தே விடுதி தொடங்கியது என்றும் நம் எல்லாருக்கும் ஸ்தாபகர் தினத்திலே சொல்லப்பட்ட கதையைப் பழைய மாணவிகள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. எந்த வடிவத்திலும் முக்கியமான இடம் அவர்கள் அங்கே சாப்பிட்டதுதான். பறங்கி வீட்டிலே சோறு உண்டால் சாதிக்கு இழுக்கு என்று கருதிய சமூகத்தில், படிப்பைவிட அந்த ஒரு பிடி சோறே பெரிய வரம்பைத் தாண்டியது.

ஹரியற் அம்மையார் பாடசாலையை அதிக காலம் நடத்தக் கொடுத்துவைக்கவில்லை. 1833 ஜனவரியில், முப்பத்தாறு வயதில், உடுவிலிலேயே காலமானார். அவருடைய சகோதரிகள் மூவரும் பின்னர் மிஷனரிமாரை மணந்து இந்தப் பக்கத்துக்கே வந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் இந்த ஹரியற் அம்மையாரின் பூட்டப்பிள்ளை என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உடுவில் மண்ணிலிருந்து வோஷிங்டன்வரை ஒரு கொடி ஓடியிருக்கிறது.

அவருக்குப் பின் பாடசாலையைப் பொறுப்பேற்றவர்கள் லீவை ஸ்போல்டிங் ஐயரும் மேரி அம்மையாரும். ஆகவே மிஸ் அக்னியூ வந்தபோது பாடசாலைக்கு வயது பதினாறு. அதற்குச் சற்று முன்னர்தான் மிஷன் பெரிய அடி ஒன்றை வாங்கியிருந்தது. 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பணநெருக்கடியால் அங்கிருந்து வரும் உதவி சுருங்க, யாழ்ப்பாணத்திலே நூற்றுக்கு மேற்பட்ட கிராமப் பள்ளிக்கூடங்களை மூடவேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதிப் பாடசாலைகள் மட்டும் ஒருவாறு தப்பின. பள்ளிக்கூடம் என்பது எவ்வளவு எளிதில் மூடப்படக்கூடிய ஒன்று என்ற பாடம், புதிதாக வந்த ஆசிரியைக்கு முதல் நாளிலேயே கிடைத்திருக்கும்.

அன்றைய விடுதியின் ஏற்பாடுகளைப் பற்றி இன்றைக்கு நாம் அறியும்போது சில விடயங்கள் சிரிப்பையும் சில விடயங்கள் சங்கடத்தையும் தருகின்றன. அமெரிக்காவிலுள்ள ஒருவரோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றால், அந்தப் பிள்ளைக்கு அவர்கள் விரும்பிய பெயர் வைக்கப்பட்டது. வட்டுக்கோட்டை செமினரியிலே படித்த கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை முதலிய பெரியார்களின் பெயர்களுக்கு முன்னால் உள்ள அமெரிக்கப் பெயர்கள் அப்படி வந்தவையே. உடுவில் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். வள்ளியாகவும் சின்னாச்சியாகவும் உள்ளே வந்த பிள்ளைகள், கண்ணால் காணாத ஒரு சீமாட்டியின் பெயரோடு வெளியே போனார்கள்.

மற்றது சீதனம். யாழ்ப்பாணத்தாருக்குச் சீதனம் என்றால் சொல்லவா வேண்டும்! மிஷனரிமார் இதை விரைவாகவே விளங்கிக்கொண்டார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் கொடுத்தது. படித்தவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற தாய்மாரின் பயத்துக்கு அதுதான் மருந்து. வட்டுக்கோட்டையிலே படித்துவந்த இளைஞர்களுக்குத் தக்க மனைவியரை ஆயத்தப்படுத்துவது உடுவிலின் நோக்கங்களில் ஒன்று என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. பெண்ணின் படிப்பு அவளுக்காக என்ற எண்ணம் அப்போது எவருக்கும், மிஷனரிமாருக்கும்கூட, முழுமையாக வந்திருக்கவில்லை. இதை ஒளித்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் வெறும் மனைவியரை ஆயத்தப்படுத்தத் தொடங்கிய இடத்திலிருந்து ஆசிரியைகள் வந்தார்கள். இந்த மாற்றம் நிகழ்ந்தது பெரும்பாலும் மிஸ் அக்னியூவின் காலத்தில்.

அவர் தமிழ் கற்றார். பாடசாலையின் பொறுப்பை ஏற்றார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதே வளவிலே, அதே வேலையிலே இருந்தார். அதிலே சம்பவங்கள் என்று எடுத்துச் சொல்ல அதிகம் இல்லை. காலை மணி, ஜெபம், வாசிப்பு, கணக்கு, பூமிசாத்திரம், தையல், வேதபாடம், கிணற்றடி, சமையற்கட்டு, மாலை ஜெபம், விளக்கு அணைத்தல். விடுதியிலே இருந்தவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும். நமக்கு ஏழெட்டு வருடம் நடந்தது அவருக்கு நாற்பது வருடம் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதிலே உலகப் படத்தில் ஒரு தீவைக் கண்டவர், பின்னாளில் அதே பூமிசாத்திரம் கற்பிக்கப்பட்ட ஒரு பாடசாலைக்குத் தலைவியானார். இந்தத் தடவை பிள்ளைகளுக்குத் தொலைவாக இருந்தது அமெரிக்கா.

1855இல் இன்னொரு சோதனை வந்தது. மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து ஒரு தூதுக்குழு வந்து, யாழ்ப்பாணத்து வேலைகளையெல்லாம் ஆராய்ந்தது. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கே வழிகாட்டுகிறது, சபைக்கு அல்ல என்பது அவர்களுடைய முடிவு. வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அன்றைய யாழ்ப்பாணத்தின் மிகப் பெரிய கல்விக்கூடம் அது. உடுவில் மூடப்படவில்லை. ஆனால் ஆங்கிலம் நிறுத்தப்பட்டது, மாணவிகளின் தொகையும் குறைக்கப்பட்டது. பெண்களுக்கு உத்தியோகம் இல்லாததால் அவர்களுடைய பாடசாலை தப்பியது என்று சொன்னால் அது பகிடியாகத் தோன்றும், ஆனாலும் உண்மை அதற்கு வெகு தூரத்தில் இல்லை. அக்னியூ இதை எதிர்த்தாரா, மனமுவந்து ஏற்றாரா என்று ஆராய்வதைவிட, ஏற்றுக்கொண்டு தமிழிலேயே பாடசாலையை நடத்திக்காட்டினார் என்பதையே கவனிக்கவேண்டும். தமிழிலே படித்த பெண், தமிழிலே படிப்பிக்கக்கூடியவளாக ஊருக்குத் திரும்பினாள். கிராமப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியிருந்தது அப்படிப்பட்டவளே.

இங்கேதான் உடுவிலின் கதையும் கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பெயர்ப்பலகையில் அ.மி.த.க. பாடசாலை என்று எழுதப்பட்டு, பேச்சிலே மிஷன் பள்ளிக்கூடம் என்றே அழைக்கப்பட்ட சிறு பாடசாலை நம்மிற் பலருடைய ஊரிலும் இருந்தது. நான் அரிவரி படித்ததும் அத்தகைய ஒன்றிலேதான். ஒரு நீண்ட மண்டபம், இடையிலே தட்டி, முன்னால் வேப்பமரம். 1960களின் தொடக்கத்தில் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது அவை கைமாறின, பின்னர் பெயரும் மாறின. அந்தச் சிறு பள்ளிக்கூடங்களிலே முதன்முதலாகப் பெண் ஒருத்தி நின்று அ, ஆ சொல்லிக்கொடுத்தாளே, அவள் பெரும்பாலும் உடுவிலிலே அக்னியூவின் கையில் வளர்ந்தவள், அல்லது அப்படி வளர்ந்தவளின் மகள். பெண் வாத்தியார் இருக்கிறார் என்ற துணிவில் பெண்பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் எத்தனை! அதற்கு முந்திய தலைமுறையிலே அதே வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டவை.

படித்து வெளியேறியவர்களை அவர் விட்டுவிடவுமில்லை. அவர்களுடைய ஊர்களுக்கும் வீடுகளுக்கும் போய்ப் பார்ப்பது அவருடைய வழக்கம். குடாநாட்டு ஒழுங்கைகளிலே மாட்டுவண்டியும் கால்நடையும்தான் அந்நாளின் வாகனம். ஒரு மருமகள் மாமியார் வீட்டிலே எப்படி நடத்தப்படுகிறாள், புத்தகத்தை இன்னும் கையில் எடுக்கிறாளா, தன் பெண்பிள்ளையை எப்போது அனுப்பப்போகிறாள் என்றெல்லாம் விசாரிக்க ஒருவர் ஊரூராக வந்தார். பழைய மாணவிகள் சங்கம் என்ற பெயர் அப்போது இல்லாவிட்டாலும், அதன் முதற் செயலாளர் அவரே என்று நான் சொல்லுவேன்.

இப்படியே முதல் மாணவிகளின் மகள்மார் வந்தார்கள். அவர்களுக்குப் பின் பேத்திமாரும் வந்தார்கள். மூன்று தலைமுறைக்கு அவர் ஆசிரியையாக இருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்ததாகக் கணக்கு. ஆயிரம் புதல்வியரின் தாய் என்ற பெயர் அதனாலேயே அவருக்கு வந்தது.

அந்த ஆயிரம் பேரில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாகப் பாடசாலையை விட்டு வெளியேறினர் என்றும் மிஷன் மகிழ்ச்சியோடு பதிந்துவைத்திருக்கிறது. அக்னியூவைப் பொறுத்தவரை இந்த எண்ணே முதன்மையானது. அவர் கடல் கடந்து வந்தது அதற்காக. எழுத்தறிவு அதற்கு வழி. இதை மறைத்து அவரை வெறும் கல்விச் சேவகியாகக் காட்டுவது அவருக்கே அநியாயம். அதேவேளை, ஒரு சைவக் குடும்பம் தன் மகளை உடுவிலுக்கு அனுப்பியபோது எதைப் பணயம் வைத்தது என்பதையும் நாம் நினைக்கவேண்டும். ஞானஸ்நானம் பெற்ற பெண், தாய் வீட்டுத் திதிக்கும் பொங்கலுக்கும் பழையபடி வரமுடியாதவளாகிவிட்டாள். அந்தத் துக்கத்தைத் தாங்கிய தாய்மாரின் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கியதற்கும், பின்னர் 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நமக்கு அயலிலேயே மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கு ஒரு கல்லூரியைக் கட்டியதற்கும் இந்தத் துக்கம் ஒரு காரணம். நமது பாடசாலை இல்லாவிட்டால் அந்தக் கல்லூரி அந்த இடத்தில் எழுந்திருக்குமா என்பது சந்தேகமே. அக்கல்லூரிப் பழைய மாணவிகளான என் மைத்துனிமார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

மற்ற நானூறு பேரைப் பற்றியும் நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பாதியிலே கலியாணத்துக்காக மறிக்கப்பட்டவர்கள், சைவர்களாகவே வந்து சைவர்களாகவே திரும்பியவர்கள். மிஷன் கணக்கிலே அவர்கள் தோல்வி. ஆனால் வாசிக்கத் தெரிந்த கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பாட்டி ஒருத்தி திண்ணையிலிருந்து கந்தபுராணத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள் என்று ஒரு குடும்பத்திலே கதை இருந்தால், அவள் எங்கே எழுத்துப் படித்தாள் என்று விசாரித்துப் பாருங்கள்.

நாற்பத்துமூன்று ஆண்டுகள் இந்நாட்டில் இருந்த அக்னியூ ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. மற்றைய மிஷனரிமார் உடல்நலம் தேடியும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடவும் சென்று வந்தார்கள். ஸ்போல்டிங் தம்பதியினரும் ஒருமுறை போய்வந்தனர். இவரிடம் கேட்டவர்களுக்கு, போவதற்கு நேரமில்லை, வேலை அதிகம் என்பதே மறுமொழியாக இருந்தது. அங்கே அவருக்காகக் காத்திருந்த உறவினரும் இல்லை. போக இடமில்லாதபடியால் இருந்தாரா, இருக்க விரும்பியதால் போகவில்லையா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். வாந்திபேதி மீண்டும் மீண்டும் குடாநாட்டை வாட்டிய காலம் அது. வின்ஸ்லோ அம்மையாரின் சகோதரி ஒருவரும் அவருடைய கணவரும் 1837இல் அதற்கே பலியாகியிருந்தனர். 1873இல் ஸ்போல்டிங் ஐயரும் அடுத்த ஆண்டு மேரி அம்மையாரும் காலமானபோது, பழைய துணைகளில் எஞ்சியிருந்தவர் அக்னியூ.

இதற்கிடையில் பாடசாலையின் நிலை தலைகீழாக மாறியிருந்தது. தொடக்கத்தில் சோறும் சீலையும் சீதனமும் கொடுத்துப் பிள்ளைகளைக் கூப்பிடவேண்டியிருந்தது. பிற்காலத்திலோ சீதனம் நிறுத்தப்பட்டு, செலவைப் பெற்றோர் கொடுத்தும் இடம் போதாமல் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. உடுவிலிலே படித்தவள் என்பது சம்பந்தம் பேசும் இடத்திலே குறையாக இருந்த காலம் போய், அதுவே ஒரு சீதனமாகிவிட்டது. யாழ்ப்பாணம் யாழ்ப்பாணந்தான்!

1879இல், எழுபத்திரண்டு வயதில், உடல் தளர்ந்து பொறுப்பைக் கைவிட்டார். அவருக்குப் பின் சூசன் ஹவ்லண்ட் அம்மையார் பாடசாலையை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். அக்னியூ மானிப்பாயிலே குடியிருந்தார். ஸ்கொட்லாந்து வழிவந்த மேரி, மார்கிரட் லீச் என்ற இளம் சகோதரிகள் இருவர் அப்போது அங்கே மிஷன் வேலைக்கு வந்திருந்தனர். கடைசிக் காலத்திலே அவரைப் பராமரித்தவர்கள் அவர்களே. இனுவில் மக்லியொட் ஆஸ்பத்திரிக்காகப் பின்னாளில் நிதி திரட்டிய அதே சகோதரிகள்தான். அவர்கள் எழுதிவைத்திராவிட்டால் அக்னியூவைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதிற் பாதியும் இல்லாமற்போயிருக்கும். அவரோ தம்மைப் பற்றி எழுதுவதில் அக்கறை காட்டியவரல்லர்.

அவர் ஓய்ந்திருந்த அந்த நாலு வருடங்களில், குடாநாட்டிலே எந்த ஊருக்குப் போனாலும் அவரிடம் படித்த பெண் ஒருத்தியைக் காணலாம் என்பதை லீச் சகோதரிகள் கண்கூடாகக் கண்டார்கள். ஒருத்தி வாத்தியார் பெண்சாதி, ஒருத்தி வைத்தியர் பெண்சாதி, ஒருத்தி வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் வேதாகம ஸ்திரீ, இன்னொருத்தி கிராமப் பள்ளிக்கூடத்து உபாத்தினி.

1883 யூன் மாதம், எழுபத்தாறு வயதில், மானிப்பாயிலே மிஸ் அக்னியூ காலமானார். நோய் முற்றியிருந்த நேரத்திலே, அருகிருந்தவர் அவருக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டபோது, தமக்காக வேண்டாம், இலங்கைப் பெண்களுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உடுவிலிலே அன்றும் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிற் சிலருடைய அம்மம்மாமாருக்கும் எழுத்தறிவித்தவர் அவர்.